முழு வண்டியா, இங்கே கோத்த வண்டியா: திருப்பூர் குடும்பம் ஒன்றின் கார் முடிவு, 2022 முதல் 2025 வரை

பின்னணி

கோவையில் மோட்டார் வாகன சர்வேயராக இருக்கிறேன். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இழப்பை மதிப்பிடுவது தொழில். விலை உயர்ந்த கார் வாங்கும் முன் யோசனை கேட்டு வருபவர்களும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு தொகை வாங்கிக்கொள்வேன்; ஷோரூம்களிடம் கமிஷன் வாங்குவதில்லை.

இங்கே எழுதுவது திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். ஆட்கள், கார் நிறுவனம், மாடல், ஷோரூம் எதன் பெயரும் இதில் இருக்காது. விலைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன், விகிதம் மாறவில்லை.

குடும்பத்தில் பெரியவருக்கு அப்போது 72 வயது. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர். மகனுக்கு 48. கம்பெனிக் கணக்கு முழுவதும் மருமகள் கையில். ஓட்டுநர் 19 வருடமாக அவர்களோடு இருப்பவர். வீட்டில் இருந்த செடானுக்கு 11 வயது ஆகியிருந்தது. 2022 ஆவணியில் பேத்தியின் கல்யாணம். அதற்குள் புது வண்டி வேண்டும் என்பது மகனின் ஆசை.

அவர்கள் மனத்தில் இருந்த ஜெர்மன் செடானின் புதுத் தலைமுறை அப்போதுதான் இந்தியாவுக்கு வந்திருந்தது. முதல் தொகுதி முழு வண்டிகளாக இறக்குமதி. அதே மாடலை இந்திய ஆலையில் கோத்துக் கொடுக்கும் திட்டம் இருப்பதாக ஷோரூமிலேயே சொன்னார்கள், தேதி மட்டும் சொல்லவில்லை. தொழிலில் இருப்பவர்கள் முதல் வகையைச் சிபியு என்றும் இரண்டாவதைச் சிகேடி என்றும் சொல்வார்கள். ஊரில் "இம்போர்ட் வண்டி", "அசெம்பிள் வண்டி".

முதல் சந்திப்பு, மார்ச் 2022

பெரியவர் நேராகக் கேட்டார். "ஏனுங்க தம்பி, அங்கிருந்து முழுசா வர்றதுக்கும் இங்க முடுக்கிக் குடுக்கறதுக்கும் இரும்புல வித்தியாசம் இருக்குதுங்களா?"

இந்தக் கேள்வியை நூறு பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் வேறு சொற்களில் கேட்பார்கள்: கதவு சாத்தும் சத்தம் வேறு மாதிரி இருக்கிறதாமே, பெயின்ட் மெல்லிசாமே என்று. பெரியவரின் தலைமுறைக்கு இந்தச் சந்தேகம் வருவதில் நியாயம் உண்டு. அவர்கள் இளவயதில் பார்த்த உள்நாட்டுக் கார்களும் அபூர்வமாகக் கண்ணில் பட்ட வெளிநாட்டுக் கார்களும் நிஜமாகவே இரண்டு வேறு உலகம்.

நான் சொன்ன பதில்: அடிபட்ட நிலையில் இரண்டு வகை வண்டிகளையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உடல்கூட்டின் எஃகிலோ, ஏர்பேக்கிலோ, பிரேக்கிலோ எனக்கு வித்தியாசம் தென்பட்டதில்லை. மெர்சிடிஸ் புனே பக்கம் சாகனில் கோக்கிறது. பிஎம்டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையில் கோக்கிறது. முக்கிய பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வருகின்றன. சீட், கதவின் உள்பலகை, புகைக்குழாய் போன்றவற்றை இங்குள்ள கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன. "இரும்பு ஒண்ணுதாங்க ஐயா. வித்தியாசம் சுங்கத்துல இருக்குது" என்றேன்.

மகனின் கவலை வேறு. இறக்குமதி வண்டியை இப்போது பதிவு செய்தால் வைகாசிக்குள் வந்துவிடும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். ஈரோட்டில் இருக்கும் அவருடைய மச்சான் அதே வண்டிக்கு முந்தின வாரமே பணம் கட்டிவிட்டார். கல்யாணத்துக்கு ஒரம்பரை எல்லாம் வரும்போது வாசலில் எது நிற்கும் என்பது அவருக்குச் சின்ன விஷயமாக இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மகள் கல்யாணம் ஒரு தடவைதான்.

வரியைப் பிரித்துப் பார்த்தது

மருமகள் பேனாவும் தாளும் எடுத்து வைத்தார். "மொத்தமாச் சொல்லாதீங்க அண்ணா, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

இறக்குமதி மதிப்பை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு இது. 40,000 டாலருக்கு மேற்பட்ட கார் முழு வண்டியாக இறங்கினால் அன்று அடிப்படைச் சுங்கம் 100 சதவீதம். அந்தச் சுங்கத்தின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. ஆக 110. துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது வண்டி 210 ரூபாய். அடுத்ததாக ஜிஎஸ்டி. 1,500 சிசிக்கு மேற்பட்ட பெரிய செடானுக்கு 28 சதவீதமும் அதன் மேல் 20 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும். இந்த 48 சதவீதம் 100 ரூபாய்க்கு இல்லை, 210 ரூபாய்க்கு. அது மட்டும் 100 ரூபாய் 80 காசு. மொத்தம் 310.80. வரிக்கு மேல் வரி விழுகிற இந்த இடத்தில்தான் இறக்குமதி வண்டியின் விலை எகிறுகிறது.

பாகங்களாக வந்தால் 15 சதவீதம், கூடுதல் வரியோடு 16.5. 2018 பட்ஜெட் வரை 10 ஆக இருந்தது. இதில் அன்று ஒரு நிபந்தனை இருந்தது: எஞ்சினோ கியர்பாக்ஸோ வெளிநாட்டிலேயே கோத்து முடிந்து வந்தால் 15 என்பது 30 ஆகிவிடும். மெர்சிடிஸுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இங்கேயே எஞ்சின் கோத்துக் கொடுப்பதற்கு இந்த 15 சதவீத இடைவெளி ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். 100 ரூபாய் 116.50 ஆனது. கோக்கும் செலவாக 10 ரூபாய் என்று நாங்களாக ஒரு தொகையைச் சேர்த்தோம்: 126.50. அதன் மேல் 48 சதவீதம்: 187.22.

மருமகள் இரண்டு தொகையையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஞ்சுக்குப் பதினொண்ணு போட்டதுக்கே ஊரே கொந்தளிச்சுக் கெடக்குது. இதுக்கு நூத்திப் பத்துங்களா?" அந்த மாதம் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீதம் அமலில் இருந்தது, ஏப்ரல் 14ஆம் தேதிதான் தற்காலிகமாக நீக்கினார்கள்.

ஆலைக் கணக்கு இப்படி இருந்தாலும் கடையில் இந்த இடைவெளி முழுதாகத் தெரியாது. எவ்வளவை வாங்குபவருக்கு விட்டுக்கொடுப்பது என்பது நிறுவனத்தின் கையில். அதற்கு முந்தின ஆண்டே கண்ணெதிரே ஒரு சான்று இருந்தது. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் 2021 ஜூனில் இறக்குமதியாக வந்தபோது எஸ் 450 ஃபோர்மேட்டிக் 2.19 கோடி. அதே ஆண்டு அக்டோபரில் சாகனில் கோத்த எஸ் 450 ஃபோர்மேட்டிக் 1.62 கோடி. உபகரணப் பட்டியல் அப்படியே ஒன்று இல்லை, ஆனால் நான்கு மாதத்தில் 57 லட்சம். லெக்சஸ் இஎஸ் 300எச் 2018இல் இறக்குமதியாக 59 லட்சத்தைத் தொட்டது. 2020 ஜனவரியில் கர்நாடகத்துப் பிடதியில் கோக்கத் தொடங்கியபோது ஆரம்ப விலை 51.9 லட்சம். குறைவு ஒன்றில் கால் பங்கு, இன்னொன்றில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே நம் வண்டிக்கும் குறையும் என்று சொல்லலாம், எவ்வளவு என்று சத்தியம் செய்ய முடியாது என்றேன்.

இறக்குமதி வண்டியின் ஷோரூம் விலை 1.36 கோடி. அன்றைய தமிழ்நாட்டு ஆயுட்கால வரி 15 சதவீதம், அதாவது 20.4 லட்சம். மூலத்தில் பிடிக்கும் 1 சதவீத வரி, முதலாண்டுக் காப்பீடு எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது 1.62 கோடி. கோத்த வண்டி 1 கோடியில் இருந்து 1.10 கோடிக்குள் வரும் என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு விஷயத்தையும் மருமகளே எடுத்தார். பின்னல் இயந்திரம் வாங்கினால் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி பேரில் கார் வாங்கினால் அது கிடையாது. தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம் காட்டலாம், அவ்வளவுதான். உள்ளே போன 48 சதவீதமும் திரும்பி வராத பணம்.

வண்டியில் உட்கார்ந்து பார்த்தது

தாளில் ஒரு மணி நேரம் போனது. ஷோரூமில் பாதி நாள் போனது. அந்தப் பாதி நாள்தான் எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தது.

இறக்குமதி வண்டியின் பின்சீட்டு சாய்ந்து படுக்கும். முன்சீட்டின் முதுகில் இருந்து கால்தாங்கி இறங்கும். மகன் அப்பாவுக்காகவே அதை விரும்பினார். கோத்த வண்டியில் கால்தாங்கி இருக்காது என்று ஷோரூம் மேலாளர் வாய்மொழியாகச் சொன்னார், எழுத்தில் எதுவும் இல்லை.

பெரியவரைப் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தோம். சாய்த்தார்கள். கால்தாங்கி இறங்கியது. இரண்டு நிமிடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்திரிக்கச் சொன்னபோதுதான் சிக்கல். சீட்டு நிமிர்ந்து வரும்வரை காத்திருந்து, கால்தாங்கியில் இருந்து காலை ஒவ்வொன்றாக இறக்கி, கதவுப் பக்கம் நகர அவருக்கு ஓட்டுநரின் கை தேவைப்பட்டது. மறுபடி ஒரு தடவை செய்து பார்த்தோம். அதேதான்.

"எந்திரிக்கறதுக்கு ஆள் வேணும்னா அது எதுக்குங்க சாமி? நிமிந்து உக்காந்தாப் போதும்" என்றார்.

முழங்கால் மாற்றியவருக்கு முக்கியம் சீட்டின் உயரமும் கதவு திறக்கும் அகலமும். தரையில் இருந்து சீட்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். பழைய வண்டியைவிட 3 சென்டிமீட்டர் தாழ்வு. கோத்த வண்டியிலும் அது அப்படியேதான் இருக்கும், உடல்கூடு ஒன்றே என்பதால். இதைப் பெரியவரிடம் மறைக்கவில்லை.

அடுத்தது சக்கரம். காட்சி வண்டியில் 20 அங்குலச் சக்கரம், டயர் அளவு 245/35. பக்கச்சுவர் சுமார் 86 மில்லிமீட்டர். கோத்த வண்டிக்கு 18 அங்குலம் வரும் என்றார்கள். 245/45 என்று வைத்தால் பக்கச்சுவர் 110 மில்லிமீட்டர். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குழியில் விழும்போது அடியை வாங்குகிற ரப்பர் 24 மில்லிமீட்டர் அதிகம்.

அன்று மாலை ஓட்டுநரோடு அவர்கள் தினமும் போகும் வழியில் போனேன். வேகத்தடைக்கு இந்தியச் சாலைப் பேரவை சொல்லும் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். கம்பெனிக்குப் போகும் வழியில் நான் அளந்த ஒன்று 14 சென்டிமீட்டர் உயரம்; அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஓட்டுநர் டயரைக் காலால் தட்டிக் காட்டினார். "இதுக்கு அந்த டயரு ஆகாதுங்க சார். மாசம் ஒண்ணு போயிரும்." அவர் சொன்னதை என் அறிக்கையில் அப்படியே எழுதினேன். தினமும் ஓட்டுகிறவரின் சொல்லை வண்டி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் வரும் வளைந்த அலாய் சக்கரங்கள் பாதியாகக் குறையும்.

புதுச்சேரி யோசனை

இடையில் ஒரு தரகர் வந்தார். இறக்குமதி வண்டியைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தால் ஆயுட்கால வரியில் பெருந்தொகை மிச்சம் என்றார். மகன் என்னைப் பார்த்தார். மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர் குடியிருக்கும் இடத்தில், அல்லது தொழில் நடக்கும் இடத்தில்தான் பதிவு. வேறு மாநிலத்து வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் நின்றால் மறுபதிவு செய்தாக வேண்டும். இல்லாத முகவரியைக் காட்டிப் பதிந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்கும்போதே பேச்சு அந்த முகவரியில் போய் நிற்கும். பெரியவர் தரகரை டீ குடிக்க வைத்து அனுப்பிவிட்டார். திருப்பூர்ப் பதிவான டிஎன் 39 தான் என்று முடிவானது.

முடிவும் காரணமும்

மார்ச் கடைசி வாரம். கோத்த வண்டிக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள். 5 லட்சம் கட்டி வரிசையில் பெயர் பதிந்தார்கள்.

காரணங்களை மருமகள் ஒரே பக்கத்தில் எழுதினார், அது இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அதிகமாகக் கொடுக்கப்போகும் தொகையில் பெரும்பகுதி வரி. அந்த வரிக்கு ஈடாக வண்டியில் கிடைப்பது கால்தாங்கியும் பெரிய சக்கரமும். முதலாவது மாமாவுக்கு உதவாது, இரண்டாவது நம் ரோட்டுக்கு உதவாது. மிச்சமாகும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை வங்கி வட்டி 9 சதவீதம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல்.

எதிர்ப் பக்கத்தில் மகன் ஒரே வரி எழுதினார்: "கல்யாணத்துக்கு வராமல் போகலாம்." அந்த வரிக்கு நான் கொடுக்க வேண்டிய கவனத்தைக் கொடுக்கவில்லை. ஜூலைக்குள் வந்துவிடும் என்று சொன்னேன்.

காத்திருந்த மாதங்கள்

அப்போது உக்ரைன் போர் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. மேற்கு உக்ரைனில் செய்யப்படும் வயரிங் கட்டுகள் வராமல் ஜெர்மன் கார் ஆலைகள் சில மார்ச்சிலேயே நின்றன. அந்தச் செய்தியை நான் படித்திருந்தேன். அது முழு வண்டியைத்தான் தாமதமாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே கோக்க வேண்டிய பெட்டியும் அதே கப்பலில், அதே ஆலைகளை நம்பித்தான் வருகிறது என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 25 வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் செய்யக்கூடாத தவறு. ஏற்கெனவே சிப் தட்டுப்பாடு வேறு.

மச்சானின் இறக்குமதி வண்டி வைகாசிக்கு வரவில்லை, ஜூலையில் வந்தது. கோத்த வண்டியின் விலையை ஆகஸ்ட் கடைசியில்தான் அறிவித்தார்கள்: 1.04 கோடி. ஆவணி முகூர்த்தத்துக்கு வண்டி இல்லை. மண்டபத்துக்கு 11 வயதுப் பழைய வண்டியே போனது. மச்சான் தன் வண்டியை மாப்பிள்ளை அழைப்புக்குக் கொடுத்தார். மகன் என்னிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை. "நீங்க ஜூலைன்னு சொன்னீங்களேண்ணா" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அதே மாதங்களில் இன்னொன்று நடந்தது, நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரில் மே 16, 17 இரண்டு நாள் கதவடைப்பு நடந்தது. ரொக்கம் வைத்திருந்தவருக்குத்தான் நூல். காருக்கென்று ஒதுக்கிய பணம் கையில் இருந்ததால், ஒப்புக்கொண்ட ஐரோப்பிய ஆர்டர் ஒன்றுக்கு அவர்கள் நூலை உடனே வாங்க முடிந்தது. இறக்குமதி வண்டி எடுத்திருந்தால் அந்த நேரத்தில் வங்கி வாசலில் நின்றிருப்போம் என்று மருமகள் பின்னால் சொன்னார். இதை என் யோசனையின் வெற்றியாக நான் எழுத மாட்டேன். பஞ்சு விலையை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

வண்டி கையில் கிடைத்தது 2022 நவம்பர் இரண்டாம் வாரம். ரோட்டுக்கு வந்த விலை 1.24 கோடி. வித்தியாசம் 38 லட்சம்.

வண்டி வந்த பிறகு

டெலிவரி எடுக்கும் முன் பெயின்ட் கனத்தை மானி வைத்து அளந்தேன், பெரியவரின் மனநிறைவுக்காக. மச்சான் வண்டியையும் அளந்தேன். இரண்டும் ஒரே வரம்பில். கதவுகளின் இடைவெளியும் அப்படியே. பெரியவர் இரண்டு வண்டியின் கதவையும் மாறி மாறிச் சாத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதானுங்க" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. சீட்டின் தாழ்வுக்கு 3 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு மெத்தை தைத்துப் போட்டார்கள். சரியாகிவிட்டது.

2023 பிப்ரவரியில் பல்லடத்தில் இருந்து உடுமலை போகும் வழியில் அதிகாலையில் ஒரு மயில் பறந்து வந்து மோதியது. கொங்குச் சாலைகளில் இப்போது இது அடிக்கடி நடக்கிறது. தென்னந்தோப்புகளை ஒட்டிய இடங்களில் விடியற்காலையில் வேகத்தைக் குறைப்பது நல்லது. வலது ஹெட்லைட்டும் பானெட்டும் போயின. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, ஆகவே கை வைக்காமல் வனத்துறைக்குச் சொன்னார்கள். காப்பீடு சிக்கலில்லாமல் வந்தது. ஹெட்லைட் வருவதற்கு 31 நாள் ஆனது. ஜெர்மனியில் இருந்து வந்தது. இங்கே கோத்த வண்டி என்றால் உதிரி பாகமும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று குடும்பம் நினைத்திருந்தது. கோப்பது வேறு, செய்வது வேறு. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மச்சான் வண்டிக்கு வந்தவை வேறு வகை. இரண்டு ஆண்டில் மூன்று டயர், ஒரு அலாய் சக்கரம். இறக்குமதிப் பதிப்புக்கு மட்டும் உரிய பின்கதவுக் கண்ணாடி ஒன்று உடைந்து 58 நாள் காத்திருந்தார்.

காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது அவருக்கு வந்த அதிர்ச்சி பெரிது. வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐடிவியை, புதுப்பிக்கும் நாளில் அந்த மாடலின் பட்டியல் விலையில் இருந்து வயதுக்கு ஏற்பக் கழித்துத்தான் போடுவார்கள். 1.36 கோடியில் 20 சதவீதம் கழித்து 1.09 கோடி வரும் என்று அவர் இருந்தார். ஆனால் அந்த நாளில் பட்டியலில் இருந்தது கோத்த வண்டி மட்டும். 1.04 கோடியில் கழித்து 83 லட்சம் என்று வந்தது. வண்டி முழுசாகப் போனால் அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். பழைய பில்லையும் உபகரணப் பட்டியலையும் காட்டி, ஒரு மாதம் எழுதி, 92 லட்சத்துக்குக் கொண்டுவந்தோம்.

மூன்றாம் ஆண்டு மதிப்பீடு, ஏப்ரல் 2025

இரண்டு குடும்பமும் வண்டியை மாற்றலாமா என்று யோசித்தபோது, கோவையில் மூன்று பேரிடமும் சென்னையில் ஒருவரிடமும் விலை கேட்டோம். ஒரே ஊர்ப்பக்கம், ஒரே மாடல், நான்கு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பதிப்பு. இப்படி ஒப்பிடும் வாய்ப்பு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

இறக்குமதி வண்டி, 48,000 கிலோமீட்டர்: அதிகபட்சம் 66 லட்சம். கோத்த வண்டி, 61,000 கிலோமீட்டர்: 63 லட்சம். 1.62 கோடியில் 66 போனால் இழந்தது 96 லட்சம். 1.24 கோடியில் 63 போனால் 61 லட்சம். பழைய வண்டி வாங்குகிறவர் முதல் நாள் கட்டிய சுங்கத்துக்கு விலை கொடுப்பதில்லை. கோத்த புது வண்டி என்ன விலை என்று பார்த்து அதில் இருந்துதான் கீழே இறங்குகிறார். கால்தாங்கிக்கும் பெரிய சக்கரத்துக்கும் அவர் கொடுத்தது 3 லட்சம்.

மச்சானுக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் கல்யாணத்தன்று வண்டி தன் கையில் இருந்தது என்பதில் இன்றும் அவருக்கு மனநிறைவு. அதற்கு என்ன விலை போடுவது என்று நான் சொல்ல முடியாது. இரண்டு பேரும் விற்கவில்லை.

இன்று செய்வதானால்

வரிக் கணக்கு மாறிவிட்டது. 2025 பட்ஜெட் விலையுயர்ந்த இறக்குமதிக் கார்களின் அடிப்படைச் சுங்கத்தை 70 சதவீதமாகக் குறைத்தது. கூடவே 40 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு செஸ் வந்ததால் கூட்டிப் பார்த்தால் அதே 110. தலைப்புச் செய்தியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டவர்கள் ஏமாந்துதான் போனார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி செஸ் இல்லாமல் 40 சதவீதம். பழைய 100 ரூபாய்க் கணக்கில் முழு வண்டி 294, கோத்த வண்டி 177.10. இடைவெளி 124இல் இருந்து 117 ஆகியிருக்கிறது, அவ்வளவே. தமிழ்நாட்டு ஆயுட்கால வரி 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம். விலை ஏறினால் அதுவும் கூடவே ஏறும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தின்படி பிரிட்டனில் செய்த கார்களுக்கு, ஒரு எண்ணிக்கை வரம்புக்குள், சுங்கம் படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும். அங்கிருந்து வரும் வண்டியை யோசிப்பவர் இந்தக் கட்டுரையின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் வேலையில் மாற்றியவை: தேதி சொல்வதை நிறுத்திவிட்டேன். வண்டி எந்த நாளுக்கு வேண்டும், அந்த நாளுக்கு வராவிட்டால் என்ன ஏற்பாடு என்று முதலில் கேட்டு எழுதுகிறேன். இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல வாடகை வண்டியை ஆவணிக்கு முன்பே பேசி வைத்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். உபகரணப் பட்டியலை எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட விடுவதில்லை. அன்று வாய்மொழியாகச் சொன்னது சரியாக வந்தது எங்கள் நல்ல நேரம். ஹெட்லைட், முன்கண்ணாடி, பம்பர் மூன்றும் எங்கே இருப்பில் இருக்கின்றன, வர எத்தனை நாள் என்று ஷோரூமின் உதிரி பாகப் பிரிவில் நேரில் கேட்கிறேன். இறக்குமதிப் பதிப்பு எடுப்பவரிடம் இரண்டாம் ஆண்டு ஐடிவி எந்த விலையில் இருந்து கணக்காகும் என்பதையும் முதல் பாலிசிக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

வயதானவர் உட்காரும் வண்டி என்றால், அவரை மூன்று தடவை ஏறி இறங்க வைத்துப் பார்த்த பிறகுதான் விலையைப் பேசுகிறோம்.